பெரம்பூரிலிருந்து புதுச்சேரிக்கு

உத்தியோகத்துக்காக ஊர் மாறுவது நம் காலத்தில் அதிசயமான காரியம் அல்ல. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் புதுச்சேரியில் வேலை கிடைக்கிறது. உத்தரவு கைக்கு வந்த அன்று இரவே வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும். வாடகை எவ்வளவு இருக்கும்? தண்ணீர் எப்படி? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் உண்டா? விவரம் தெரிந்த உறவினர் ஒருவர், "சாரத்தில் பாருங்கள். கடை கண்ணி எல்லாம் பக்கம். காமராஜ் சாலையைப் பிடித்தால் நகரத்துக்குள் போய்விடலாம்" என்று யோசனை சொல்வார். வீட்டு அம்மாள் மட்டும் இன்னொரு கேள்வியை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பாள். 'இவ்வளவு பெரிய பட்டணத்தை விட்டுவிட்டு அந்தச் சின்ன ஊருக்கு ஏன் போக வேண்டும்?' என்பதே அது.

கேள்வி நியாயமானதுதான். பெரிய ஊரிலிருந்து இன்னும் பெரிய ஊருக்குப் போகிறவனை உலகம் கெட்டிக்காரன் என்கிறது. பெரிய ஊரிலிருந்து நடுத்தர ஊருக்குப் போகிறவனைப் பார்த்து, "என்ன ஆயிற்று?" என்று விசாரிக்கிறது. ஆனால் இதே சென்னையிலிருந்து இதே புதுச்சேரிக்கு, ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன், மூட்டை முடிச்சோடு புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கலாம். குறைந்தபட்சம், கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.

அந்தக் குடும்பம் திருவேங்கடம் பிள்ளையுடையது. சென்னையை அடுத்த பெரம்பூரில் அவர் வியாபாரியாக இருந்தார். 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பையனுக்கு ஆனந்தரங்கன் என்று பெயர். இன்று 'ஆனந்தரங்கப் பிள்ளை' என்றதும் நம் நினைவுக்கு வருகிற நாட்குறிப்பும், அதிகாரமும், பல்லக்கும் அப்போது யாருடைய கனவிலும் இல்லை. பெரம்பூரில் ஒரு வியாபாரியின் வீட்டில் ஒரு குழந்தை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துச் சென்னையையும் புதுச்சேரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கும்பெனி சென்னையில் கால் ஊன்றியது 1639-இல். ஆனந்தரங்கன் பிறந்தபோது கோட்டையும், கறுப்பர் பட்டணமும், செட்டிமார் கடைகளும், கப்பல் வியாபாரமுமாக அது செழித்திருந்தது. புதுச்சேரியோ இளைய ஊர். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே வந்து பிரெஞ்சுக் கும்பெனியின் கிடங்கை நிலைநிறுத்தினார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 1697-இல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1699-இல் மர்த்தேன் மறுபடியும் வந்து, ஊரை ஏறக்குறைய முதலிலிருந்து எழுப்பினார். நேர்க்கோடு பிடித்ததுபோல் இன்று அங்கே காண்கிற தெருக்களுக்குத் திட்டம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். அந்தத் திட்டத்தின்மேல் ஊரை வளர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1706-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று மர்த்தேன் காலமானார்.

ஊரை எழுப்பினால் போதுமா? அங்கே நெசவாளி வேண்டும், சாயக்காரர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில் பணமும் நாவில் நாணயமும் உள்ள வியாபாரி வேண்டும். கும்பெனிக்கு வேண்டியது துணி. துணி கடையில் அடுக்கி வைத்துக் கிடைக்கிற சரக்கு அல்ல. நெசவாளிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். பல மாதம் கழித்து அவன் நெய்து தருவதைத் தரம் பார்த்து வாங்க வேண்டும். வெளுத்து, சாயம் ஏற்றி, கட்டுக் கட்டி, பருவக்காற்று மாறுமுன் கப்பலில் ஏற்ற வேண்டும். சீமையிலிருந்து வெள்ளி வந்து சேரத் தாமதமானால், அதுவரையில் தன் கைப்பணத்தைப் போட்டு வியாபாரத்தை நடத்துகிறவன் வேண்டும். பிரெஞ்சு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நெசவாளிக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவருக்கும் நடுவே நின்று பேசவும், பொறுப்பு ஏற்கவும், லாபத்தில் ஒரு பங்கு காணவும் இருந்தவனுக்குத்தான் துபாஷி என்று பெயர். இரண்டு பாஷை அறிந்தவன் என்பது சொல்லின் பொருள். ஆனால் உத்தியோகம் பாஷையோடு நிற்கவில்லை. தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஊர் வியாபாரிகளுக்கும் தலைவர்; கவர்னரின் கண்ணும் காதும் அவரே.

1708-இல் புதுச்சேரியில் அந்தப் பதவியை ஏற்றவர் நைனியப்ப பிள்ளை. அவர் திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர். அவருடைய யோசனையின் பேரில்தான், மகன் சிறு பையனாக இருக்கும்போதே, திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் பெயர்ந்தார்.

அவர் கணக்கை நம்மால் ஊகிக்க முடிகிறது. சென்னையில் அவர் பல வியாபாரிகளில் ஒருவர். புதுச்சேரியிலோ வியாபாரிகள் போதாத நிலை. பெரிய சந்தையில் கடைசி வரிசையில் உட்காருவதைவிடச் சிறிய சந்தையில் முதல் வரிசையில் உட்காரலாம். அதோடு அங்கே மைத்துனரே பெரிய பதவியில் இருக்கிறார். வீடு பார்த்துக் கொடுக்க, கவர்னரிடம் அழைத்துப் போக, வியாபாரத்தில் ஒரு பங்கு தர ஆள் இருக்கிறது. இதைவிட நல்ல ஏற்பாடு வேறு என்ன வேண்டும்?

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஓர் ஆளின்மேல் நின்றது.

நைனியப்பருக்குப் பதவி கொடுத்த கவர்னர் ஏபேர் இடையில் பிரான்சுக்குப் போய், 1715-இல் மறுபடியும் அதிகாரத்தோடு வந்தார். இந்தத் தடவை அவர் மனம் மாறியிருந்தது. தலைமைத் துபாஷியாக ஓர் இந்து இருக்கக் கூடாது, கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று சேசு சபைக் குருமார் நெடுநாளாக வற்புறுத்தி வந்தார்கள். 1716-இல் நைனியப்பர் திடீரென்று கைது செய்யப்பட்டார். கொடுமை செய்தார், கலகத்துக்குத் தூபம் போட்டார் என்பவை குற்றச்சாட்டுகள்.

விசாரணையில் ஒரு வேடிக்கை இருந்தது. வேடிக்கை என்று சொல்வதற்கு மனம் கூசுகிறது. பாஷைகளைக் கொண்டே பிழைத்த மனிதரைப் பாஷையைக் கொண்டே வீழ்த்தினார்கள். துறைமுக ஊர்களில் அந்நாளில் பொதுவாக வழங்கிய போர்த்துக்கீசியம் நைனியப்பருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாஷையில் விசாரிக்காமல், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரித்தார்கள். எழுதியது என்னவோ பிரெஞ்சில். தம்மால் படிக்க முடியாத காகிதத்தில் அவர் கையொப்பம் இட வேண்டியதாயிற்று. தீர்ப்பு வந்தது. கடைவீதியில் ஜனங்கள் பார்க்க 50 கசையடி, சிறைவாசம், சொத்துப் பறிமுதல். 1717-இல், சிறையிலேயே, நைனியப்பர் உயிர் நீத்தார். தலைமைத் துபாஷி பதவி கிறிஸ்தவரான கனகராய முதலியாருக்குப் போயிற்று.

இப்போது அந்தக் கடைவீதியில் திருவேங்கடம் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். யாரை நம்பி ஊர் மாறினாரோ அந்த மைத்துனரை அடித்த அடி ஊருக்கே கேட்கிறது. பெரிய பட்டணமாக இருந்தால் கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம். சின்ன ஊரில் எங்கே மறைவது? கவர்னரின் கோபம் யார்மேல் என்பது காலையில் தெரிந்தால், மத்தியானத்துக்குள் கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அவரும் பெருந்தொல்லைக்கு உள்ளானார். குடும்பம் சென்னைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பெரம்பூரில் உறவினர்கள், "நாங்கள் அப்போதே சொன்னோமே!" என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

கதை இங்கே முடிந்திருந்தால் இதில் எழுத ஒன்றும் இராது. ஊர் மாறிக் கெட்டவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் நைனியப்பரின் குமாரர் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. தந்தைக்கு நேர்ந்த அநீதியை முறையிட அவர் கப்பல் ஏறிப் பிரான்சுக்கே போனார். அப்போது பிரெஞ்சு அரசன் பதினைந்தாம் லூயி. நம் ஆனந்தரங்கனைவிட ஒரு வயது இளைய பையன். அவன் பெயரால் நாட்டை ஆண்டவர் ஓர்லேயான் கோமகன். குருவப்பர் பாரிசில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். புனித மிக்கேல் பெயரால் வழங்கிய வீரப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. எந்தச் சமயத்தவர் அல்ல என்பதற்காகத் தந்தையிடமிருந்து பதவியைப் பறித்தார்களோ, அந்தச் சமயத்திலேயே சேர்ந்து மகன் அதை மீட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நைனியப்பர்மேல் சொன்ன தீர்ப்பும் பிரான்சில் ரத்தாயிற்று. ஏபேர் அதிகாரம் இழந்து ஊர் திரும்பினார். ஆனால் நீதி கிடைத்தபோது நீதி கேட்டவர் உயிரோடு இல்லை.

1718-இல் கவர்னரான லா பிரவோஸ்தியேர், ஊரை விட்டுப் போன வியாபாரிகளை நினைத்துப் பார்த்தார். துணி வேண்டுமே! திருவேங்கடம் பிள்ளைக்கு அழைப்பு வந்தது. அவரும் வந்தார்.

இதுதான் இந்தக் கதையில் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்த இடம். முதல் தடவை வந்ததில் ஆச்சரியம் இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இரண்டாம் தடவை அவர் ஏன் வந்தார்?

ஆசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில். மீதிப் பதில், இரண்டு அழைப்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. முதலில் அழைத்தவர் மைத்துனர். அது உறவின் அழைப்பு. இரண்டாவது அழைப்பு, அவருடைய தொழில் இல்லாமல் தன் காரியம் நடக்காது என்று உணர்ந்த ஊரின் அழைப்பு. சிபாரிசில் கிடைத்த இடம், சிபாரிசு செய்தவர் விழும்போது கூடவே விழுகிறது. தேவையில் கிடைத்த இடம் அவ்வளவு சுலபமாக விழுவதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் வண்டி கட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

காலமும் அனுகூலமாகத் திரும்பியது. 1719-இல் பிரான்சில் பழைய கும்பெனியைப் புதிதாகச் சீரமைத்தார்கள். பின்னர் லெனுவார் என்ற கவர்னர் பழைய கடன்களைத் தீர்த்து, வியாபாரிகளிடையே கும்பெனியின் பெயரை நிமிர்த்தினார். ஆனால் குடும்பத்துக்கு மறுபடியும் அடி விழுந்தது. தலைமைத் துபாஷியாகத் திரும்பி வந்த குருவப்பர் 1724-இல் காலமானார். பதவி மீண்டும் கனகராய முதலியாரிடம் சென்றது. 1726-இல் திருவேங்கடம் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார். ஆனந்தரங்கனுக்கு அப்போது வயது 17. அப்பாவை நம்பி வந்த ஊர், அப்பா இல்லை. மாமன் வீட்டுப் பதவியும் இல்லை. வயதுக்கு மீறிய பொறுப்பு மட்டும் இருந்தது.

லெனுவார் அந்தப் பிள்ளையைக் கவனித்தார். பரங்கிப்பேட்டையில் கும்பெனியின் துணி வியாபாரத்தைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். ஆனந்தரங்கப் பிள்ளை ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வியாபாரத்துக்கு வழி செய்து, சீமைச் சரக்கைக் கொடுத்து உள்நாட்டுச் சரக்கை வாங்கினார். தலைமைத் துபாஷி ஆவதற்கு அவர் 1747 வரையில் காத்திருந்தார். அதுவும் கனகராய முதலியார் 1746-இல் இறந்த பிறகு, மறுபடியும் கிறிஸ்தவருக்கே கொடுக்க வேண்டும் என்ற எதிர்ப்பைத் தாண்டி, துய்ப்ளே கொடுத்த பதவி. நைனியப்பர் விழுந்து 30 வருஷங்கள் ஆகியிருந்தன.

அதே 1746-இல் சரித்திரம் ஒரு விசித்திரம் செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு சென்னையின் பெரிய வியாபாரிகளைப் புதுச்சேரிக்குக் குடி பெயர வைக்கத் துய்ப்ளே முயன்றார். திருவேங்கடம் பிள்ளை தாமாகத் தேர்ந்தெடுத்த வழியில், மற்றவர்களை அதிகாரத்தால் தள்ளப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அது பலிக்கவில்லை. 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பிப் போயிற்று. அழைத்தால் வருகிற மனிதன் உத்தரவு போட்டால் வருவதில்லை.

பிள்ளைக்குப் பதவி கிடைத்தது, பட்டங்கள் கிடைத்தன, சொந்தக் கப்பல் கடலில் ஓடியது. ஆனாலும் பதவியின் எல்லை எது என்று ஊர் அவருக்குக் காட்டாமல் விடவில்லை. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. துபாஷியாக இருந்த அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. வேதனையோடு எழுதி வைக்கத்தான் முடிந்தது. பிழைக்க வந்த ஊரில் பெரிய மனிதர் ஆவது வேறு. அந்த ஊர் நம் சொல்லைக் கேட்பது வேறு. துய்ப்ளே 1754-இல் பிரான்சுக்குத் திரும்பிப் போன பிறகு பிள்ளையின் செல்வாக்கு தேய்ந்தது. 1756-இல் பதவியும் போயிற்று.

ஆனால் இதற்குள் அவர் வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தார். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கி ஏறக்குறைய 25 ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யாருக்குக் கல்யாணம், யார் கடன் கொடுக்கவில்லை, கவர்னர் இன்று எந்த முகத்தோடு இருந்தார் என்று சகலத்தையும் எழுதினார். நல்ல நாவலாசிரியனுக்கு வேண்டிய காதும் கண்ணும் அவருக்கு இருந்தன. ஒன்று தோன்றுகிறது. இந்த நாட்குறிப்பைச் சென்னையில் எழுதியிருக்க முடியாது. அங்கே ஒரு மனிதன் தன் தெருச் செய்தியை அறிவான். ஊர்ச் செய்தியை அறிய மாட்டான். புதுச்சேரியோ, ஒரு மனிதனின் காதுக்குள் முழுவதும் அடங்கக்கூடிய அளவில் இருந்தது. கப்பல் துறையிலிருந்து கவர்னர் மாளிகை வரையில் நடந்தே போகலாம். நைனியப்பர் ஒளிந்துகொள்ள இடம் கொடாத அதே சிறுமைதான் ஆனந்தரங்கருக்கு எழுத விஷயம் கொடுத்தது. நடுத்தர ஊரின் தீமையும் நன்மையும் ஒன்றுதான்: அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

1761 ஜனவரியில், ஆங்கிலேயரின் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தபோது, ஆனந்தரங்கப் பிள்ளை கண் மூடினார். சில நாட்களில், 16-ஆம் தேதி, புதுச்சேரி விழுந்தது. வென்றவர்கள் ஊரை இடித்துத் தள்ளினார்கள். எழுதி வைத்த ஏடுகள் மட்டும் தப்பின. 1846-இல் கல்லுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரையில் சென்னை அரசாங்கம் அவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. எந்தச் சென்னையை விட்டு அந்தக் குடும்பம் வந்ததோ, அந்தச் சென்னைதான் பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தின் எழுத்தை உலகத்துக்குக் கொடுத்தது.

அவர்களுக்குப் பின்னும் இந்தப் பாதையில் ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். 1908-இல் பாரதியார் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தார். அவர் தேடியது உத்தியோகம் அல்ல, அடைக்கலம். அதற்கு முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் சைகோனில் ஆட்சி அமைத்த பிறகு, புதுச்சேரித் தமிழர்கள் உத்தியோகம் தேடி அங்கே கப்பல் ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் ஆள் வேண்டும் என்று அழைத்த ஊரே, பிறகு தன் பிள்ளைகளை வெளியே அனுப்பியது. ஊர்களுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு.

ஆகவே, வீட்டு அம்மாள் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்விக்கு வருவோம். பெரிய ஊரா, சின்ன ஊரா என்பது அவ்வளவு முக்கியம் அல்ல. அங்கே நமக்காகக் காத்திருப்பது ஓர் ஆளின் தயவா, ஓர் ஊரின் தேவையா என்று கேட்க வேண்டும். தயவானால் போகும்போதே திரும்பி வரும் வழியையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. தேவையானால் தைரியமாகப் போகலாம். முதல் தலைமுறை பட்ட அடிக்கு இரண்டாம் தலைமுறையாவது பலன் காணும்.

சாரத்தில் குடி வந்திருக்கும் புதியவர், முதல் மாதச் சம்பளத்தில் சாமான் வாங்க நகரத்துக்குள் போனால், எப்படியும் ஒரு நாள் ரங்கப்பிள்ளை தெருவில் நடப்பார். பிள்ளையின் மாளிகை அங்கே இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு அது பரம்பரையாக இந்த ஊரிலேயே இருந்த யாரோ ஒருவருடையது என்று அவர் நினைத்துக்கொள்வது சகஜம். அப்படி இல்லை. அவரும் சென்னைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைதான்.